கியர்பொக்ஸ் சூட்டைக் காட்டும் சின்னப் பெட்டி

ஒட்டோ கியர் வாகனங்களில் எஞ்சின் சூட்டுக்கு முள்ளோ விளக்கோ உண்டு. கியர்பொக்ஸ் ஒயிலுக்குப் பெரும்பாலும் எச்சரிக்கை விளக்கு மட்டும்தான். அது எரியும் நேரம் ஒயில் பாதி வெந்திருக்கும். இந்தக் குறைக்குத்தான் பஞ்சிகாவத்தைக் கடைகளில் தீப்பெட்டி அளவில் புளூடூத் ஓபிடி ரீடர் விற்கிறார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி, போனில் டோர்க் ப்ரோ அப்பைத் திறக்க வேண்டும்.

திறந்ததும் எல்லாம் தெரியாது. பொதுப் பட்டியலில் எஞ்சின் தண்ணீர்ச் சூடு இருக்கிறது. கியர்பொக்ஸ் சூட்டை ஒவ்வொரு கம்பனியும் தன் சொந்தக் கோடில் வைத்திருக்கிறது. எங்கள் ஹைலக்ஸுக்கு டொயோட்டா கோடைக் கையால் சேர்த்த பிறகே இரண்டு எண்கள் வந்தன: டோர்க் கன்வேர்ட்டரிலிருந்து வெளியேறும் ஒயில் ஒன்று, சம்பில் கிடக்கும் ஒயில் மற்றது.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஹட்டன் கோயில் திருவிழாவுக்கு ஜெனரேட்டர் ரெயிலர் இழுத்துப் போனோம். அவிசாவளை வரை எந்த எண்ணும் 90 பாகையைத் தாண்டவில்லை. கித்துல்கலைக்கு மேலே, கினிகத்தேனை ஏற்றத்தில் ஒரு பஸ்ஸின் பின்னால் ஊர்ந்தபோது கன்வேர்ட்டர் எண் 120ஐத் தொட்டது. சம்ப் எண் இன்னும் 100க்குக் கீழேதான். அதை மட்டும் பார்த்திருந்தால் ஏமாந்திருப்போம்.

"அண்ணே, கியர் லீவரை எஸ்ஸுக்குத் தட்டி மூணுல போங்க."

"எஞ்சின் கத்துமே தம்பி!"

கத்தியது. ஆனால் சில வளைவுகளுக்குள் எண் இறங்கத் தொடங்கியது. பெரிய கியரில் மெதுவாக இழுக்கும்போது கன்வேர்ட்டர் வழுக்குகிறது. அந்த வழுக்கல்தான் சூடு. கியரைக் குறைத்தால் வழுக்கல் குறையும், பம்பும் கூலருக்கு ஒயிலை வேகமாகத் தள்ளும். அப்படியும் இறங்காவிட்டால் ஓரங்கட்டி, எஞ்சினை அணைக்காமல் பார்க்கில் ஓடவிடுங்கள். அணைத்தால் ஒயில் ஓட்டமும் நின்றுவிடும்.

குறைகளும் உண்டு. இந்த ரீடர்களுக்குள் இருக்கும் ஈஎல்எம் 327 சிப்பை உருவாக்கிய கனடா கம்பனி 2022இல் மூடப்பட்டுவிட்டது. இங்கே கிடைப்பவை பெரும்பாலும் நகல்கள். எண் பிந்தி வரும், இடையிடையே தொடர்பு அறும். செருகியபடியே நாட்கணக்கில் நிறுத்தினால் பட்டரியும் இறங்கும். முதல் தலைமுறை வெசல் ஹைப்ரிட் வைத்திருப்பவர்களுக்கு இந்த எண் அவ்வளவு உதவாது: அதன் இரட்டைக் கிளட்ச் உலர் வகை, சூடு ஏறுவது தட்டுகளில்.

ரெயிலர் இழுப்பவர்களும், ஆள் நிரப்பி நுவரெலியா ஏறும் ஒட்டோ வான்காரரும் கட்டாயம் வாங்கலாம். வெள்ளவத்தைக்கும் புறக்கோட்டைக்கும் இடையில் மட்டும் ஓடுபவர் அந்தக் காசில் கியர் ஒயிலை மாற்றட்டும்.