கை படாத வண்டி
(மீட்டெடுக்கப்பட்ட ஆர்.எக்ஸ். 100இன் விலையை முன்வைத்துச் சில குறிப்புகள்)

1

பழைய வண்டி விற்கிறவர்கள் எழுதுகிற அறிவிப்புகளை யாரும் பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிப்பதில்லை. வாசித்துப் பார்க்கலாம். ‘யமஹா ஆர்.எக்ஸ். 100’ என்று தொடங்கும். பிறகு ‘சிங்கிள் ஓனர்’, ‘டாக்டர் வச்சிருந்த வண்டி’, ‘ஒரிஜினல் பெயிண்ட்’, ‘மேட் இன் ஜப்பான்’, ‘என்ஜின் கை படாதது’ என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். பிரித்துப் பூட்டி, பெயிண்ட் அடித்து, குரோம் ஏற்றி மீட்டெடுக்கப்பட்ட வண்டியாக இருந்தால் ‘ஷோரூம் கண்டிஷன்’ என்று முடியும். விலை ஒரு லட்சத்தைத் தாண்டி நிற்கும்.

வண்டியின் கதை எளிமையானது. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ஜப்பானிய யமஹாவின் தொழில்நுட்பத்தோடு 1985 கடைசியில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. முதலில் பாகங்கள் ஜப்பானிலிருந்து வந்து இங்கே பூட்டப்பட்டன. 98 சி.சி., 11 குதிரைத்திறன், எடை ஏறத்தாழ நூறு கிலோ. எடைக்குப் பொருத்தமில்லாத அந்த வேகம்தான் அதன் புகழ். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகி வந்த காலத்தில், 1996இல், உற்பத்தி நின்றது. அதாவது, ஏறத்தாழ முப்பதாண்டுகளாகச் செய்யப்படாத ஒரு நூறு சி.சி. வண்டிக்கு, இன்று புதிதாக வருகிற நூறு சி.சி. வண்டியைவிட அதிக விலை.

‘சரக்கு குறைவு, கிராக்கி அதிகம்’ என்று இதைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் சரக்கு குறைந்துபோன எல்லாவற்றுக்கும் விலை ஏறிவிடுவதில்லை. யாருடைய ஏக்கம் கிராக்கியாகக் கணக்கில் ஏறுகிறது, யாருடைய உழைப்பு அந்தக் கணக்கில் ஏறாமல் போகிறது என்பதே இங்கு நாம் கேட்க வேண்டியது.

2

மைக்கேல் தாம்ப்சன் என்கிற ஆங்கிலேய மானிடவியலாளர் 1979இல் குப்பையைப் பற்றி ஒரு கோட்பாட்டு நூல் எழுதினார். பொருள்கள் இரண்டு வகையாகப் பார்க்கப்படுகின்றன என்பது அவர் வாதம். ஒன்று, நாளுக்கு நாள் மதிப்பு குறைகிற பொருள். மற்றொன்று, நாளுக்கு நாள் மதிப்பு கூடுகிற பொருள். முதல் வகை நேராக இரண்டாம் வகையாகிவிட முடியாது. இடையில் அது குப்பையாக வேண்டும். மதிப்பே இல்லாமல் கண்ணில் படாமல் கிடக்க வேண்டும். அங்கிருந்து யாராவது ‘கண்டெடுத்தால்’ அது அரும்பொருளாகிவிடும். விக்டோரியா காலத்தில் இயந்திரத்தறியில் மலிவாக நெய்யப்பட்ட பட்டுச் சித்திரங்கள் இப்படிக் குப்பையாகிப் பின் சேகரிப்பாளர்களின் பொக்கிஷமானதை அவர் உதாரணம் காட்டுகிறார். எது குப்பை, எது பொக்கிஷம் என்று எல்லை போடுகிற அதிகாரம் சமூகத்தின் மேல்தட்டிடம் இருக்கிறது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

ஆர்.எக்ஸ். 100க்கு இதைப் பொருத்திப் பார்த்தால் கச்சிதமாகப் பொருந்துவதுபோல் இருக்கும். 1985இல் புதுசு, 2000க்குப் பிறகு குப்பை, இப்போது பொக்கிஷம். ஆனால் நடுவில் உள்ள அந்தக் ‘குப்பை’க் காலத்தில் வண்டி எங்கே இருந்தது? சம்பளக்காரர்கள் லிட்டருக்கு அதிகம் ஓடுகிற ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு மாறினார்கள். அவர்கள் தள்ளிவிட்ட வண்டி இரண்டாம் கை, மூன்றாம் கை என்று இறங்கி, கொத்தனாரிடமும் எலெக்ட்ரீஷியனிடமும் தண்ணீர் கேன் போடுகிறவரிடமும் வந்தது. அது பரணில் கிடக்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தது. சொல்லப்போனால் அதன் வாழ்நாளிலேயே மிக அதிகமாக உழைத்தது அப்போதுதான்.

மார்க்ஸின் சொற்களில் சொன்னால், பரிவர்த்தனை மதிப்பு அடிமட்டத்தில் இருந்தபோது அதன் பயன்மதிப்பு உச்சத்தில் இருந்தது. இப்போது தலைகீழ். லட்ச ரூபாய் வண்டி உறை போட்டு நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறது. ஆக, ‘குப்பை’ என்பது வண்டியின் நிலை அல்ல. வண்டி யாரிடம் இருந்ததோ அவர்களைப் பார்க்க மறுத்த கண்ணின் நிலை. தாம்ப்சன் சொல்கிற ‘கண்ணில் படாமை’யை நம்முடைய சூழலில் இப்படித்தான் திருத்தி வாசிக்க வேண்டியிருக்கிறது.

வால்டர் பெஞ்சமின் பாரிஸ் நகரைப் பற்றி 1935இல் எழுதிய குறிப்புகளில் சேகரிப்பாளரைக் கொஞ்சம் பரிவோடுதான் பார்க்கிறார். பயன்பட்டே ஆக வேண்டும் என்கிற அடிமைத்தனத்திலிருந்து பொருள்களை விடுவிக்கிறவர் அவர். ஆனால் அந்தக் கனவுலகிலும் மனிதர்களுக்கு வேண்டியது கிடைத்துவிடுவதில்லை என்பதையும் பெஞ்சமின் அங்கேயே சேர்த்துச் சொல்லிவிடுகிறார். நம் தோழர்கள் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள்.

3

‘என்ஜின் கை படாதது’ என்ற வாசகத்துக்குத் திரும்புவோம்.

டூ ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் ஒரு தடவை வெடிப்பு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை. இதில் கேம் ஷாஃப்ட் கிடையாது, மேலே ஏறி இறங்குகிற வால்வுகள் கிடையாது. பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் என்று அசைகிற பாகங்கள் கொஞ்சம்தான். அதனால் ஒரு வேப்பமரத்து நிழலில், ஒரு சாக்கை விரித்து, பத்துப் பதினைந்து ஸ்பானர்களோடு இதைப் பிரித்துப் பூட்டிவிட முடிந்தது. ஐ.டி.ஐ. வாசலைக்கூட மிதிக்காத பையன்கள் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். புத்தகத்தில் இல்லாத ஓர் அறிவு கையிலிருந்து கைக்குப் போனது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் வருகிற வண்டிகளில் கோளாறைக் கண்டுபிடிக்கவே கம்பெனியின் கருவி வேண்டியிருக்கிறது. ‘திறக்க முடிகிற கடைசி இயந்திரம்’ என்பதால்தான் மக்கள் பழையதைத் தேடுகிறார்கள் என்று சிலர் வாதிடுகிறார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் அப்படியானால் திறந்த கைக்கு அல்லவா மதிப்பு ஏறியிருக்க வேண்டும்? சந்தை திறக்கப்படாத என்ஜினுக்கு அல்லவா கூடுதல் பணம் தருகிறது?

டூ ஸ்ட்ரோக் வண்டியில் சிலிண்டர் தேயும். லேத்தில் கொடுத்துக் கால் மில்லிமீட்டர் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும். மறுபடி தேய்ந்தால் இன்னொரு கால் மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் வரை போனபின் உள்ளே ஸ்லீவ் மாற்ற வேண்டும். ஒவ்வொரு ‘போரிங்’கும் அந்த வண்டிக்குக் கிடைத்த ஆயுள் நீட்டிப்பு. சேகரிப்பாளருக்கு அதுவே குறை. போர் போடாத சிலிண்டருக்கு ஒரு விலை, போட்டதற்கு ஒரு விலை. வண்டியைச் சாகாமல் காத்த வேலையின் தடயம், வண்டியின் மதிப்பைக் குறைக்கிற கறையாக வாசிக்கப்படுகிறது.

திருநெல்வேலிப் பக்கம் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர் இதை என்னைவிட நன்றாகச் சொன்னார். அவர் பார்த்துவந்த ஒரு வண்டி கைமாறிப் போய், மீட்டெடுக்கப்பட்டு, பெரிய விலைக்குப் போயிருந்தது. “இருவது வருசமா அந்த வண்டிய நாந்தான் பாத்தேன் தம்பி. மூணு தடவ போர் போட்டிருக்கேன். ஆர்.சி. புக்குல நாலு பேரு பேரு இருக்கு. எம்பேரு கெடையாதுல்லா” என்றார். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே கார்பரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நம் வழக்கில் ‘கை’ என்பது உடைமையின் எண். முதல் கை, இரண்டாம் கை, மூன்றாம் கை. எண்ணிக்கை கூடக் கூட மதிப்பு குறையும். எண்ணப்படுவதெல்லாம் வைத்திருந்த கைகள். வேலை செய்த கைக்கு எண்ணே இல்லை. எண்ணில் வராத அந்தக் கை, ‘கை படாதது’ என்ற இடத்தில் மட்டும் தோன்றுகிறது, தீட்டாக. மீட்டெடுத்தல் என்பதன் இலட்சியமே, அத்தனை கைகளும் பட்ட ஒரு வண்டியை யார் கையும் படாததுபோல் ஆக்கிக் காட்டுவது. அதையும் ஒரு மெக்கானிக்கும் ஒரு டிங்கரும் ஒரு பெயிண்டரும்தான் செய்து கொடுக்கிறார்கள். அவர்கள் வேலையின் வெற்றி அவர்கள் தெரியாமல் போவதில் இருக்கிறது. தொடுகை, தூய்மை, முதல் உரிமை என்று இந்தச் சொல்லாடல் எங்கிருந்து தன் இலக்கணத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை இந்தச் சமூகத்தில் வாழ்கிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

4

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டூ ஸ்ட்ரோக் என்றால் ஆர்.எக்ஸ். 100 மட்டுமா? 1980இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 டூ ஸ்ட்ரோக்தான். பால் கேன்களையும் மீன் கூடைகளையும் சுமந்த பஜாஜ் எம் 80 டூ ஸ்ட்ரோக்தான். பெண்கள் முதன்முதலாகத் தனியாக வேலைக்குப் போகக் கைகொடுத்த பழைய ஸ்கூட்டி டூ ஸ்ட்ரோக்தான். லட்ச ரூபாய் அறிவிப்புகளில் இவற்றை நான் பார்த்ததில்லை. ஆர்.எக்ஸ். 100 பிறந்த அதே 1985இல் வந்து, அதைவிடப் பல மடங்கு வீடுகளின் பட்ஜெட்டைத் தாங்கிய ஃபோர் ஸ்ட்ரோக் ஹீரோ ஹோண்டா சி.டி. 100க்கும் இந்த மவுசு இல்லை. சுமை தூக்கியது, சிக்கனம் பிடித்தது, பெண் ஓட்டியது எல்லாம் ‘நினைவு’ ஆவதில்லை. ஓர் இளம் ஆணின் வேகம் மட்டும் நினைவாகிறது. அன்று வாங்க முடியாமல் ஏங்கி நின்ற பையன், இன்று சம்பாதித்துத் தன் இருபது வயதை வாங்குகிறான். தனிமனித அளவில் இதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு தலைமுறையின் நினைவு இது என்று பொதுமைப்படுத்தும்போது, யாருடைய தலைமுறை என்று கேட்டாக வேண்டும்.

இந்த வண்டியைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் அதன் சத்தத்தைச் சொல்வார்கள். அகநானூற்றின் நான்காம் பாட்டில் வினை முடித்துத் திரும்புகிற தலைவன், துணையோடு தேனருந்தும் வண்டுகள் அஞ்சுமே என்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். மென்மையான மனசு என்று வகுப்பில் நமக்குச் சொல்லித் தந்தார்கள். மறுப்பதற்கில்லை. ஆனால் தன் வருகையை யாரும் தடுக்க மாட்டார்கள் என்ற உறுதி உள்ளவன்தான் தன் மணியைக் கட்ட முடியும். ஊர்த்தெருவில் சைக்கிளைவிட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போகவைக்கப்பட்டவர்களின் பிள்ளை, அதே தெருவில் மூன்றாம் கை ஆர்.எக்ஸ். 100ஐ இரண்டாம் கியரில் முறுக்கிக்கொண்டு போனபோது அந்தச் சத்தத்துக்கு வேறு அர்த்தம் இருந்தது. அது வரலாற்றோடு நடந்த வாக்குவாதம். அதற்கான விலையும் சிறியதல்ல. 2025இல்கூடச் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள்.

வண்டி மலிவாக இருந்த அந்தப் பத்துப் பதினைந்து வருஷங்களில்தான் அந்தச் சத்தம் அந்தப் பையன்களுக்கு எட்டியது. விலை லட்சமானதும் கைவிட்டுப் போய்விட்டது. அதே சத்தம் இப்போது கேட்டட் கம்யூனிட்டியின் வாசலில் ‘கிளாசிக்’ ஆகியிருக்கிறது.

5

புகையிலும் இதே கதைதான். டூ ஸ்ட்ரோக் என்ஜினில் உள்ளே வருகிற பெட்ரோல் கலவையில் நூற்றுக்கு 15 முதல் 40 பங்கு வரை எரியாமலே சைலன்சர் வழியே போய்விடும். கூடவே எண்ணெய்ப் புகை. இது மெய்யான கேடு. சாலையோரத்தில் நாள் முழுக்க நிற்கிறவர்களின் நுரையீரலில்தான் இது போய்ச் சேரும் என்பதால், ஏக்கத்தின் பேரில் இதை நியாயப்படுத்த நான் தயாரில்லை. ஆனால் கேட்டின் கணக்கு எப்படி எழுதப்பட்டது என்று பார்க்கலாம். 1998இல் உச்ச நீதிமன்றம் தில்லியின் 1990க்கு முந்தைய ஆட்டோக்களையும் டாக்சிகளையும் மாற்றச் சொன்னபோது, கடன் வாங்கி வண்டி மாற்றியவர்கள் ஓட்டுநர்கள். ஆட்டோவிலிருந்து வந்தால் மாசு. சேகரிப்பாளரின் வண்டியிலிருந்து வந்தால் ‘அந்தக் கால வாசனை’.

சட்டமும் இதற்கு இசைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. பதினைந்து வயதான இருசக்கர வண்டியின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 300 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. இருபது வயது தாண்டியவற்றுக்கு 2025இல் 2,000 ஆனது. மறுபுறம், 2021இல் வந்த விதிப்படி ஐம்பது வயதான வண்டி ‘விண்டேஜ்’ என்ற தனிப் பதிவைப் பெறலாம். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். நிபந்தனை, அதை அன்றாட வேலைக்கு ஓட்டக் கூடாது. பெரிய அளவில் மாற்றியிருக்கவும் கூடாது. அதாவது இருபது வயதில் தினம் ஓடுகிற வண்டி சுமை, ஐம்பது வயதில் ஓடாமல் நிற்கிற வண்டி மரபு. முதல் ஆர்.எக்ஸ். 100 அந்த வயதை 2035இல் எட்டும். அதுவரை காப்பாற்றி வைக்க யாரால் முடியும் என்பதை இந்த விலையே சொல்லிவிடுகிறது.

எஸ்டி வண்டியின் கதையையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். அதைச் செய்த மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996இல் மூடப்பட்டது. 2018இல் ஜாவா என்ற பெயரும் 2022இல் எஸ்டி என்ற பெயரும் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் ஒட்டப்பட்டுத் திரும்பி வந்தன. எஸ்டி என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்று நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. பெயருக்கு வழக்காடும் அளவுக்கு மதிப்பு இருக்கிறது. அந்தப் பெயரை வார்த்துக் கடைந்து உருவாக்கிய தொழிலாளர்களின் திறமை எங்கே போனது என்று கேட்கத்தான் ஆளில்லை.

நான் சொல்ல வருவது, பழைய வண்டியை விரும்புவது தவறு என்பதல்ல. விலை ஏறியது அநியாயம் என்று சந்தையிடம் மனுக் கொடுக்கவும் இல்லை. விலை ஒரு பிரதி. அதில் எழுதியிருப்பதைப் போலவே அழித்திருப்பதையும் வாசிக்க வேண்டும் என்பதுதான். அந்த லட்ச ரூபாய்க்குள் இருபத்தைந்து வருஷத்து மெக்கானிக்கின் வேலை இருக்கிறது. வண்டியை ஓடவைத்தே காப்பாற்றிய மூன்றாம் கை, நான்காம் கைகளின் வாழ்க்கை இருக்கிறது. அவர்களுக்கு அதில் ஒரு பைசா பங்கில்லை. அது போகட்டும் என்றாலும், அவர்களுடைய தடயமே வண்டியின் குறையாக எழுதப்படுவதை விட்டுவிட முடியாது.

இந்த மெக்கானிக்குகளில் பலர் அறுபதைத் தாண்டிவிட்டார்கள். எந்தச் சத்தத்துக்கு எந்தக் கோளாறு, எந்த ஊர் லேத்தில் கடைந்தால் சிலிண்டர் நிற்கும் என்பதெல்லாம் அவர்களோடு போய்விடும். பண்பாட்டு வரலாறு எழுதுகிறோம் என்று சொல்கிற நாம் வண்டிகளைப் படம் பிடிப்பதை நிறுத்திவிட்டு, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அந்த வேப்பமர நிழலில் போய் உட்கார வேண்டும். இதைச் செய்ய லட்சம் எதுவும் தேவையில்லை.