ரஜினி வந்தபோது நாம் எங்கே நின்றோம்?

2015ஆம் ஆண்டு இறுதியில் மலாக்காவில் ரஜினியைப் பார்க்காத தமிழர் யாராவது உண்டா என்று எனக்குச் சில நேரம் சந்தேகம் வரும். 'கபாலி' படப்பிடிப்புக்காக அவர் மலேசியா வந்தார். மலாக்காவிலும் நடித்துவிட்டுப் போனார். ஆண்டுகள் பல ஓடிவிட்டன. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, மஸ்ஜித் தானா என்று எந்தப் பக்கம் போனாலும், கல்யாண வீட்டுப் பந்தியிலோ ஒட்டுக்கடை மேசையிலோ அந்தக் கதை ஒன்று இன்னமும் கிடைக்கும்.

கதைகள் ஏராளம், ஆனால் அச்சு ஒன்றுதான். "சும்மா சாப்பாடு கட்டத்தான் போனேன்" என்று தொடங்கும். தற்செயலாகப் பார்த்ததாகச் சொன்னால்தானே மதிப்பு! பிறகு கூட்டம், தடுப்புக் கம்பி, அதட்டும் பாதுகாவலர். பிறகு கார் கண்ணாடி இறங்கும், ஒரு வணக்கமோ கையசைப்போ கிடைக்கும். கடைசியில் தீர்ப்பு: "எவ்வளவு எளிமையான மனுசன் தெரியுமா!" ஆதாரத்துக்குக் கைப்பேசியில் ஒரு மங்கலான படம். படத்தில் அவர் தலை பாதி, நம்மாள் தலை முழுசாக.

இந்தக் கதைகளைக் கிண்டல் செய்வது என் நோக்கமில்லை. மலேசியத் தமிழ் வாழ்வில் அதிகம் சொல்லப்படும் வாய்மொழிக் கதை வகைகளில் இதுவும் ஒன்று. பிரபலத்தை நேரில் கண்ட கதை நமக்குப் புதிதும் இல்லை. 1929 இறுதியிலும் 1954இலும் பெரியார் மலாயா வந்தார். 1943இல் நேதாஜி வந்தார். அவர்களைக் கண்டவர்கள் வீட்டுக்கு வீடு அதைச் சொல்லியிருக்கிறார்கள். கதை என்று ஒத்துக்கொண்டால் அதை விமர்சிக்கவும் வேண்டும். என் கேள்வி இதுதான்: கதை முடியும்போது, சொன்னவரைப் பற்றி நமக்கு என்ன தெரிகிறது?

பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை. அவர் என்ன வேலை செய்கிறார், அன்றைக்கு விடுப்பா, சம்பளம் பிடித்தார்களா, வீட்டில் யார் காத்திருந்தார்கள், எதுவும் கதைக்குள் வராது. நட்சத்திரத்தின் சட்டை நிறம் வரும். தன் சட்டை என்னவென்று சொல்பவருக்கே நினைவிருக்காது. அந்த 'எளிமை' என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் வணக்கம் சொன்னால் யாரும் அதை எளிமை என்பதில்லை. ஒருவர் எளிமையானவர் ஆவதற்கு எதிரில் நிற்பவர் முதலில் சின்னவராக வேண்டும். நாம் அதற்குத் தயாராகவே போகிறோம்.

வேறு மாதிரியும் இதைச் சொல்ல முடியும் என்பதற்கு என் கைக்கு எட்டிய சிறந்த உதாரணம் அசோகமித்திரன். 1952 முதல் 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். அந்த அனுபவங்களை முதலில் ஆங்கிலத்தில் எழுதினார். நாளிதழ்களைக் கத்தரித்துக் கோப்புகளில் சேர்ப்பது அவர் வேலை. பார்ப்பவர்களுக்கு இந்த ஆள் நாள் முழுக்கச் சும்மா காகிதம் கிழித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும். அப்படியொரு நாளில் ஸ்டூடியோவுக்கு ஓர் ஆங்கிலக் கவிஞர் வருகிறார். வரவேற்பு நடக்கிறது, அவரும் பேசுகிறார். அவருடைய உச்சரிப்பு யாருக்கும் பிடிபடவில்லை. சினிமா எடுக்கும் இடத்தில் ஆங்கிலக் கவிஞருக்கு என்ன வேலை என்பது இரு தரப்புக்கும் விளங்கவில்லை. அவர் போய்விடுகிறார்.

வருடங்கள் கழித்து, சிறுகதைப் போட்டி ஒன்றுக்கு எழுதி அனுப்ப நினைத்து, போட்டியை நடத்தும் பிரிட்டிஷ் இதழைப் பற்றி விசாரிக்க நூலகம் போகிறார் அசோகமித்திரன். இதழின் ஆசிரியர் பெயர் ஸ்டீபன் ஸ்பென்டர். ஓ, அன்றைக்கு வந்தவர் இவர்தானா! இதழின் பெயர் 'என்கவுன்டர்'. சந்திப்பு என்றும் அதற்குப் பொருள் உண்டு. இதைப் புனைவில் வைத்தால் நம்பமாட்டோம். பின்னொரு நாள் மவுண்ட் ரோடு நடைபாதையில், ஐம்பது காசு விலையில், ஸ்பென்டரின் கட்டுரையும் இடம்பெற்ற 'தி காட் தட் ஃபெயில்ட்' நூல் கிடைக்கிறது. கம்யூனிசத்தில் நம்பிக்கை இழந்த ஆறு எழுத்தாளர்களின் தொகுப்பு அது. அந்தக் கவிஞர் ஏன் ஸ்டூடியோவுக்கு வந்தார் என்ற புதிர் அப்போதுதான் அவருக்கு அவிழத் தொடங்குகிறது.

இதில் நான் கவனிப்பது ஒன்று. சந்திப்பு நடந்த நாளில் அது சந்திப்பே இல்லை. பிரபலம் யாரென்றே தெரியாது. படித்துப் படித்து அந்தச் சந்திப்பைப் பின்னாளில் உண்டாக்கிக்கொண்டவர், காகிதம் கிழித்துக்கொண்டிருந்த அந்தக் குமாஸ்தாதான். அவருடைய மேசை, நூலகம், ஐம்பது காசு எல்லாம் கதையில் இருக்கின்றன. ஸ்பென்டர் அதில் ஒரு துணைப் பாத்திரம்.

நம் மண்ணிலும் இப்படி ஒரு கதை உண்டு. 1943இல் நேதாஜியின் பேச்சைக் கேட்கக் கோலாலம்பூரில் கூடிய கூட்டத்தில் பதினெட்டு வயது ஜானகியும் இருந்தார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று அறியப்பட்டவர். பேச்சைக் கேட்டு, அணிந்திருந்த நகையைக் கழற்றிக் கொடுத்தார். ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார், அதன் துணைத் தளபதி நிலைக்கு உயர்ந்தார். 2000இல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. இந்தக் கதையை யார் சொன்னாலும் நமக்கு ஞாபகம் நிற்பது நகையைக் கழற்றிய அந்தப் பெண்ணின் கை. தலைவரைப் பார்த்தார் என்பதோடு கதை முடியவில்லை. பார்த்தவர் என்ன செய்தார் என்பதில்தான் அது தொடங்குகிறது.

ஆனால் ஜானகி வசதியான குடும்பத்துப் பெண். அதே படையில் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து போன பெண்கள் பலர். விடியற்காலையில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவர்கள், துப்பாக்கி பிடிக்கப் பழகினார்கள். வீட்டில் யாரிடம் என்ன சொல்லிவிட்டுப் போனார்கள்? திரும்பி வந்தபோது லயத்தில் அவர்களை யார் எப்படிப் பார்த்தார்கள்? அவர்களில் பெரும்பாலோர் பெயர்கூட நம் பேச்சில் இல்லை. 'எங்க பாட்டி நேதாஜியப் பார்த்திருக்காங்க' என்ற ஒற்றை வரியோடு பல வீடுகளில் கதை தீர்ந்துபோனது. பாட்டி நேதாஜியைப் பார்த்த கதை வந்து சேர்ந்தது. பாட்டியின் கதை வரவில்லை.

இப்போது 'கபாலி'க்கு வரலாம். பா. ரஞ்சித் இயக்கி 2016 ஜூலையில் வெளியான அந்தப் படத்தை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். தோட்டத்தில் பிறந்து, சமச் சம்பளத்துக்குக் குரல் கொடுத்த ஒரு மலேசியத் தமிழனின் வேடத்தை ரஜினி போட்டது சின்ன விஷயம் இல்லை. தமிழ்நாட்டுப் படங்களில் மலேசியா அதுவரை பெரும்பாலும் டூயட் பாடுகிற இடம். நம் தாத்தா காலத்து வரலாற்றைப் பெரிய திரையில் வைத்த நன்றி எனக்கு உண்டு. ஆனாலும் தோட்டம் அதில் நினைவுக் காட்சியாகத்தான் வந்துபோகிறது. மீதியெல்லாம் கோட்டு, கார், துப்பாக்கி. முடிவும் எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. வெளியே திரையிட்ட படத்தில் துப்பாக்கிச் சத்தத்தோடு கதை திறந்த முடிவாக நிற்கும். மலேசியப் பதிப்பில் கபாலி போலீசில் சரணடைந்ததாக ஒரு வாசகத்தைச் சேர்த்தார்கள். நம்மைப் பற்றிய படத்தின் முடிவு, நமக்கு மட்டும் வேறு!

தடுப்புக் கம்பிக்கு வெளியே நின்றவர்களில் தோட்டத்திலிருந்து வந்தவர்களும் இருந்திருப்பார்கள். தங்கள் அப்பனும் ஆத்தாளும் வாழ்ந்த வாழ்க்கையைத்தான் உள்ளே படமாக்குகிறார்கள் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? பிரபலத்தோடு ஒட்டி நின்று படம் எடுத்துக்கொள்ளும் ஆசை நமக்கு மட்டும் உரியதும் இல்லை. 2001இல் வெளியான ஓர் இந்திப் படத்தின் காட்சிகளை மலாக்காவில் எடுத்ததற்காக, 2008இல் மலாக்கா மாநிலம் ஷாருக்கானுக்கு டத்தோ பட்டம் கொடுத்தது. பி. ரம்லிக்கு டான் ஸ்ரீ கிடைத்தது 1990இல், அவர் இறந்து 17 ஆண்டுகள் கழித்து.

ரஜினிக்காக நாம் கம்பி பிடித்து நின்ற அதே ஆண்டு, டிசம்பர் 17ஆம் தேதி, இன்னொரு படம் திரைக்கு வந்தது. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்'. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் 1990களின் தொடக்க காலத்தை, அப்போய் என்ற சிறுவனின் வழியாகச் சொன்ன படம். நம் ஆட்களே எடுத்து, நம் ஆட்களே நடித்தது. 2016இல் நடந்த 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. அதில் நடித்தவர்கள் நம் பக்கத்து மேசையில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தால், எத்தனை பேர் திரும்பிப் பார்ப்போம்? "ஜகாட் நடிகரைப் பார்த்தேன்" என்று கல்யாணப் பந்தியில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நம்மைப் போலவே இருப்பவரைப் பார்த்தால், அது பார்த்ததாகவே நமக்குக் கணக்கில் சேராது போல.

தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் நின்றுபோனால் பதிவேட்டில் மணி எத்தனை, பணியில் யார், நிற்பதற்கு முன்னால் என்ன நடந்தது என்று எழுதாமல் விடமாட்டோம். பொறியாளனாக எனக்குப் பழகிய அந்தச் சின்ன ஒழுங்கு, கதை கேட்பதற்கும் உதவும் என்று நினைக்கிறேன். அடுத்த முறை மாமா ரஜினியைப் பார்த்த கதையை எடுத்தால், "அப்புறம் அவர் என்ன சொன்னாரு?" என்று கேட்பதோடு விட்டுவிடாதீர்கள். அன்றைக்கு உங்களுக்கு எந்த ஷிப்ட்டு மாமா? வேலையை யார் பார்த்துக்கிட்டா? அத்தை கூட வந்தாங்களா, வீட்ல இருந்தாங்களா? அவ்வளவு தூரம் எதுக்குப் போகணும்னு தோணுச்சு? பதில் சொல்லத் தொடங்கினால் மாமாவுக்கே வேடிக்கையாக இருக்கும், இதையெல்லாமா கேப்பாங்க என்று. அந்தப் பதில்களை எழுதி வையுங்கள். ரஜினியின் கையசைப்பை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மாமாவின் ஷிப்ட்டை எழுத நாம்தான் இருக்கிறோம்.