வாக்கு நிற்கும், வழக்கு நிற்காது

கொங்கு நாட்டுத் தொழில் வாக்கால் வளர்ந்தது என்று கோவையிலும் திருப்பூரிலும் மேடைதோறும் பேசுகிறார்கள். மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து பனியன் கம்பெனி தொடங்கினார்கள், நடுவில் பத்திரம் எதற்கு என்பதுதான் அந்தப் பெருமிதத்தின் சாரம்.

அதில் உண்மை உண்டு. திருப்பூரில் தொழிலாளர்களாக இருந்தவர்கள் கூட்டுச் சேர்ந்து முதலாளிகளான கதையை ஷரத் சாரி 2004-இல் ‘ஃப்ரட்டர்னல் கேப்பிட்டல்’ என்ற நூலாகவே எழுதினார். கையில் பணமில்லாதவர்களுக்கு உழைப்பும் உறவும் முதலாக நின்றன.

ஆனால் உறவுக்குள் செல்லும் வாக்கு வெளியாளிடம் பாக்கி வசூலிக்க உதவாது என்பதை அந்த மேடைகளில் யாரும் சொல்வதில்லை. 1932-ஆம் ஆண்டு பார்ட்னர்ஷிப் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. வாய்மொழியாகச் சேர்ந்தாலும் அது நிறுவனம்தான். நம்மவர்கள் இந்த இடத்தோடு சட்டத்தை மூடி வைத்துவிடுகிறார்கள். அதே சட்டத்தின் 69-வது பிரிவுப்படி, பதிவாகாத நிறுவனம் தன் ஒப்பந்தத்தை வைத்து வெளியார்மேல் வழக்குப் போட முடியாது. விலக்கு தந்திருக்கும் சில்லறை வழக்குகளுக்கு 1932-இல் வைத்த வரம்பு 100 ரூபாய்.

எதிர்ப்பக்கக் கதவு மட்டும் திறந்தே இருக்கிறது. நூல் கொடுத்தவரும் சாயப்பட்டறைக்காரரும் அந்த நிறுவனத்தின்மேல் தாராளமாக வழக்குப் போடலாம். ஒப்பந்தத்தில் ‘நிறுவனம்’ என்று எழுதியதால் தனியாக ஓர் ஆள் பிறந்துவிடவில்லை. அது பங்குதாரர்கள் எல்லாரையும் சேர்த்துக் குறிக்கும் பெயர், அவ்வளவே. ஆகவே முழுக் கடனுக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு என்கிறது 25-வது பிரிவு. வீடும் தோட்டமும் அதில் அடக்கம்.

பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் செய்யும் யூனிட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் கூட்டு. லெட்டர்பேட், ஜிஎஸ்டி எண், உத்யம் சான்று எல்லாம் உண்டு. “எல்லாம் பதிஞ்சாச்சுங்க” என்பார்கள். இவற்றில் எதுவும் நிறுவனப் பதிவாளரின் பதிவேட்டில் பெயர் ஏறியதற்கு ஈடாகாது. தையல் கூலி நின்றுபோய் நீதிமன்றம் போனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது அந்தப் பதிவேட்டில் ஏறியதற்கான சான்றைத்தான். வழக்குப் போட்டபிறகு ஓடிப்போய்ப் பதிந்தாலும் அந்த வழக்கு பிழைக்காது. பதிந்தவர்களும் தப்புவதில்லை. அப்பா விலகி மகன் சேர்ந்த மாற்றம் பதிவேட்டில் ஏறாமல் வழக்குப் போட்டால் அதுவும் செல்லாது. 1989-இல் ஸ்ரீராம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்துவிட்டது. கையில் இருக்கும் செக் பணமில்லாமல் திரும்பினால் நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சட்டத்தின் 138-வது பிரிவு கைகொடுக்கலாம். ஆனால் தையல் கூலிக்கு முன்கூட்டியே செக் கொடுப்பவர் எத்தனை பேர்?

வாக்கைப் புகழும் பெரிய முதலாளிகள் தங்கள் தொழிலை என்றைக்கோ பிரைவேட் லிமிடெட் ஆக்கிக்கொண்டவர்கள். அவர்கள் வீட்டுக்கு ஜப்தி வராது. சின்ன யூனிட்காரருக்கு மட்டும் ஏன் இந்த உபதேசம்? பதியலாம் என்றதும் “நம்பிக்கை இல்லையா?” என்று முகம் சுளிக்கும் பங்குதாரரை நான் ஒருநாளும் நம்பமாட்டேன்.

பார்ட்னர்ஷிப் டீடை எடுத்துக்கொண்டு, நிறுவனப் பதிவாளராகவும் இருக்கும் மாவட்டப் பதிவாளரின் அலுவலகத்துக்குப் போங்கள். பங்குதாரர் மாறும்போதெல்லாம் மறுபடி போங்கள். பாக்கி நிற்பதற்கு முன்பே போங்கள்.