ஆற்றுப்படையும் ஒருநாள் உலாவும்

வழி காட்டுதல் ஒரு கலை. அக்கலையைத் தனியோர் இலக்கிய வகையாகவே வளர்த்த பெருமை தமிழுக்கு உண்டு. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் மலைபடுகடாம் ஆகிய ஐந்தும் ஒருவர் மற்றொருவர்க்கு வழி சொல்லும் முறையில் அமைந்தவை. தொல்காப்பியர் புறத்திணையியலில் இவ்வகைக்கு இலக்கணமும் வகுத்தார். பரிசு பெற்றவன் பெறாதவனுக்குச் சொல்லுதல், சென்று கண்டவன் செல்லாதவனுக்குச் சொல்லுதல் என்பதே அதன் சாரம்.

இன்றோ வழி காட்டுதல் ஒரு தொழில் ஆகிவிட்டது. பயணிகளை வண்டியில் ஏற்றிச் சென்று, பழைய இடிபாடு ஒன்றையும் இயற்கை நீர்நிலை ஒன்றையும் காட்டி, இரவுக்குள் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் ஒருநாள் உலாக்கள் உலகெங்கும் நடைபெறுகின்றன. மெக்சிகோ நாட்டு யுகட்டான் தீபகற்பத்தில், காலையில் மாயர்களின் சிச்சென் இட்சா நகர இடிபாடு. பிற்பகலில் 'செனோட்டே' எனப்படும் இயற்கைக் கிணற்றில் நீராடல். மலேசியாவில் கோலாலம்பூரிலிருந்து கோல சிலாங்கூருக்கு வரும் உலாவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. மெலாவத்திக் குன்றின் கோட்டை இடிபாடு, அங்குள்ள லூத்தோங் குரங்குகள், கடலுணவு, இருட்டியபின் சிலாங்கூர் ஆற்றில் மின்மினிக் காட்சி என்று அது முடிகிறது.

இவ்வுலாவையும் ஒரு பனுவலாகக் கொண்டு, ஆற்றுப்படை என்னும் உரைகல்லில் உரைத்துப் பார்த்தல் தகும். அதன் மாற்று எவ்வளவு என்பது அப்போது விளங்கும்.

இரண்டு இடமா, ஓர் இடமா?

உலாவின் முதற்குறை, ஒன்றாயிருப்பதை இரண்டாகப் பிரித்தல். யுகட்டானின் வடபகுதியில் நிலத்தின்மேல் ஓடும் ஆறுகள் இல்லை எனலாம். மழைநீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிவிடுகிறது. பாறைக்கூரை இடிந்து விழுந்த இடங்களிலே நிலத்தடி நீர் கண்ணுக்குப் புலனாகிறது, அவ்விடங்களே செனோட்டேக்கள். அந்நீரை நம்பி எழுந்தவை அங்குள்ள நகரங்கள். 'இட்சா மக்களின் கிணற்று வாயில்' என்பதே சிச்சென் இட்சா என்னும் பெயரின் பொருள். ஊரின் பெயரே கிணற்றைச் சொல்லும்போது, கிணறு வேறு, வரலாறு வேறு என்று காட்டுவது பெயரையே மறைப்பதாகும். அதனினும் பெரிய மறைப்பு ஒன்று உண்டு. மாயர்கள் மறைந்துபோன மக்கள் என்று பயணிகளிடையே ஒரு கதை வழங்குகிறது. மாய மொழிகளைப் பேசும் மக்களோ மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் இன்றும் பல இலட்சக் கணக்கில் வாழ்கின்றனர். பயணிக்கு உணவு பரிமாறுபவர் அம்மக்களுள் ஒருவராகவே இருத்தல் கூடும்.

கோல சிலாங்கூரின் நிலையும் இதுவே. மெலாவத்தி சிலாங்கூர் ஆற்றின் முகத்துவாரத்தில் நிற்கும் குன்று. ஆற்று வாயைக் காத்தவரே உள்நாட்டுப் பொருளின் போக்குவரவையும் காத்தனர். அதனாலேதான் அக்குன்றுக்குப் போட்டி இருந்தது. 1784-இல் டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றித் தம் தலைமை ஆளுநரின் பெயரால் ஆல்ட்டிங்ஸ்பர்க் என்று பெயரிட்டனர். பகாங்கிற்குச் சென்று உதவி பெற்றுத் திரும்பிய சுல்தான் இப்ராகிம் 1785-இல் அதனை மீட்டார். 1871-இல் பிரிட்டிஷ் போர்க்கப்பலின் குண்டுகளுக்கும் இக்கோட்டை இலக்காயிற்று. கோட்டைக்குக் காரணம் ஆறு. அந்த ஆற்றையே, கோட்டையோடு தொடர்பற்ற வேறொரு கேளிக்கையாக, மின்மினிக்கு மட்டும் உரிய இடமாக உலா காட்டுகிறது.

இக்குன்றின்மேல் கலங்கரை விளக்கம் ஒன்றும் நிற்கிறது. பெரும்பாணாற்றுப்படையை அறிந்தவர் அதன் முன் சற்றே நின்று எண்ணுவர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் நீர்ப்பெயற்று என்னும் கடற்கரைப் பட்டினத்தைக் காட்டுமிடத்து, இரவில் தீக்கொளுவிக் கலங்களை அழைக்கும் உயர்ந்த மாடத்தையும் காட்டுகிறார். விளக்கை மட்டும் தனியே நிறுத்தவில்லை. கலங்கள், அவை கொணரும் பொருள், பண்டசாலைகள், பரதவர் தெரு ஆகியவற்றின் நடுவே நிறுத்துகிறார். தொடர்போடு காட்டப்பட்ட பொருளே நினைவில் நிற்கும்.

இடைவழியின் சிறப்பு

இரண்டாம் குறை இன்னும் ஆழமானது. ஆற்றுப்படையின் உயிர் சேரும் இடத்தில் இல்லை, இடைவழியில் இருக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் பாணனை நல்லியக்கோடனிடம் நேரே கொண்டு சேர்த்துவிடவில்லை. எயிற்பட்டினத்தில் நுளையர் வீட்டில் சுட்ட மீன் கிடைக்கும். வேலூரில் எயினர் வீட்டில் புளிங்கறிச் சோறு கிடைக்கும். ஆமூரில் உழவர் வீட்டில் நண்டுக் கறியோடு வெண்சோறு கிடைக்கும் என்று ஊர்தோறும் அடுப்படி வரை அழைத்துச் செல்கிறார். பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வண்டியோடு குடும்பமாகச் செல்லும் உமணர், மோர் விற்கும் ஆய்மகள், வலைஞர், உழவர் எல்லாரும் வழியில் வருகின்றனர். அரசனைப் பாட எழுந்த பாட்டு, அரசனிடம் சேருமுன் நாட்டு மக்களைப் பாடிவிடுகிறது.

கோல சிலாங்கூர் உலாவின் இடைவழி எது? ரவாங்கிலிருந்து வரும் பழைய சாலை, இன்று பெஸ்தாரி ஜெயா என வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தை வழியாக வந்து, மின்மினிக்குப் பேர்போன கம்போங் குவாந்தானைத் தொட்டுச் செல்கிறது. அதன் இருமருங்கும் தோட்டங்கள். அப்பகுதியில் உள்ள தென்னமரம் தோட்டத்திலேதான் 1917-இல் மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைப் பயிரிடல் தொடங்கிற்று. தொடங்கியவர் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே. மலாயாத் தோட்ட வாழ்வை வைத்து அவர் எழுதிய புதினம் 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. உலகச் சந்தைக்கு எண்ணெய் அளித்த ஒரு பெருந்தொழிலின் பிறப்பிடம், ஒரு பெரும் பரிசு பெற்ற எழுத்தாளரின் உழைப்பிடம். அதன் பெயரோ தமிழ்ப் பெயர். இத்தனையும் இருந்தும் உலா வண்டி அங்கு நிற்பதில்லை.

காரணம் எளிது. அங்கே இடிபாடு இல்லை. சுல்தானின் கோட்டை கல்லால் ஆனது, இடிந்தும் நிற்கிறது. பெரட்டுக் களமும் லயத்து வீடுகளும் பலகையாலும் தகரத்தாலும் ஆனவை. இடித்தால் இடம் தெரியாது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, பின்னர்ச் செம்பனைக் குலை சுமந்த தலைமுறைகளுக்குக் காட்சிப் பொருள் என எஞ்சியது குறைவு. தமிழகத்திலிருந்து கங்காணி வழியே ஆள் எடுத்தல் 1938-இல் இந்திய அரசின் தடையால் நின்றது. 1942 முதல் 1943 வரை நிகழ்ந்த சயாம் மரண ரயில் வேலைக்குச் சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். மலைபடுகடாத்தில் பெருங்கௌசிகனார், வழியில் நிற்கும் வீரரின் நடுகற்களைச் சுட்டி, அவற்றைத் தொழுது செல்லுமாறு கூத்தர்க்குக் கூறுகிறார். மெலாவத்தியில் சிலாங்கூரின் முதல் மூன்று சுல்தான்களின் கல்லறைகளைக் காட்டுவது முறையே. அவர்களோடு, வழியில் உழைத்து மாண்டோர்க்கும் ஒரு சொல் வேண்டும் என்பதே ஆற்றுப்படையின் முறை.

மின்மினியே இதற்குச் சான்று கூறும். கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் கூடும் ஆண் மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணைவதைக் காணவே பயணிகள் வருகின்றனர். ஆனால் அவற்றின் புழுக்கள் அம்மரத்தில் வளர்வதில்லை. மரத்துக்குப் பின்னுள்ள ஈரநிலத்தில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. கரைமரத்தை மட்டும் விட்டுவைத்துப் பின்னிலத்தைத் திருத்திவிட்டால் ஒளியும் குன்றிவிடும். ஒளிரும் மரத்தைக் காட்டி, அவ்வொளியைப் பிறப்பிக்கும் நிலத்தைக் காட்டாது விடுதல் இயற்கையிலும் பிழை, வரலாற்றிலும் பிழை.

இரண்டு தடைகள்

இங்கே இரண்டு தடைகள் எழலாம். முதலாவது: திருமுருகாற்றுப்படை ஆறு இடங்களைத்தானே சொல்கிறது, இடைவழியைச் சொல்லவில்லையே என்பது. உண்மை. ஆயினும் அவ்வாறு இடங்களையும் பிணைக்கும் பொருள் ஒன்றே. எங்குச் சென்றாலும் முருகனே இருக்கிறான். உலாவின் இரண்டு இடங்களைப் பிணைப்பது வண்டியின் சக்கரம் ஒன்றே.

இரண்டாவது: ஆற்றுப்படையும் ஒருவகை விளம்பரம் அன்றோ, புரவலனின் கொடையைப் புகழ்ந்து ஆள் அனுப்பும் பாட்டன்றோ என்பது. இதனையும் மறுப்பதற்கில்லை. பரிசு வேட்கையே அப்பாட்டுகளின் தொடக்கம். பயன் கருதிய பாட்டாயிருந்தும், வழியிலுள்ள ஏழையின் குடிலை அது மறைக்கவில்லை, இடரையும் மறைக்கவில்லை. பாம்புகள் உறையும் இடம், தினைப்புனத்துக் கவண்கல் வரும் இடம், பாசி வழுக்கும் நீர்த்துறை இவற்றையெல்லாம் மலைபடுகடாம் எச்சரித்துச் சொல்கிறது. வாணிகம் உண்மைக்குப் பகை ஆகவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை என்பதற்கு அந்நூலே சான்று. மேலும், ஆற்றுப்படையில் வழி சொல்பவன் கேட்பவனின் இனத்தவன். பாணனுக்குப் பாணன், கூத்தனுக்குக் கூத்தன். கேட்பவனின் பசி சொல்பவனுக்குத் தெரியும். இவ்வுறவு இல்லாத வழிகாட்டி, பாடம் ஒப்பிப்பவனாகவே நிற்பான்.

ஆசிரியர்க்கு உரிய பணி

உலா நடத்துவோர் மீது குற்றம் சுமத்தி அமைதல் போதாது. ஒருநாளில் எல்லாவற்றையும் காட்ட எவராலும் இயலாது. வெளியூர்ப் பயணி விரும்புவது ஓய்வு. ஆனால் உள்ளூர்ப் பள்ளி மாணவர் அவ்வுலாவையே பின்பற்றிச் செல்லும்போது குறை இரட்டிப்பாகிறது. தோட்டத்தில் பிறந்த பாட்டியின் பேரன், தன் பாட்டி பிறந்த தோட்டத்தைக் கடந்து சென்று குரங்கைப் பார்த்துத் திரும்புவது கல்வி ஆகாது.

சுங்கை பெசாரிலிருந்து கோல சிலாங்கூர்க்கு ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் செல்லும் வழியையே எடுத்துக்கொள்க. செகிஞ்சானில் ஒருபுறம் மீன்பிடி துறை, மறுபுறம் கண்ணுக்கெட்டும் வரை நெல்வயல். நெய்தலும் மருதமும் ஒரு சாலையின் இருபுறமும் நிற்கும் காட்சி ஐந்திணை நடத்தும் ஆசிரியர்க்கு வாய்ப்பாக அமைந்தது. அடுத்து வரும் தென்னையும் செம்பனையும் எந்தத் திணை? காட்டை அழித்து நட்ட தோட்டத்துக்கு ஐந்திணையில் பெயர் இல்லை. அப்பெயரை மாணவரே ஆராயட்டும். அவ்வழியில் மலாய்க்காரர், சாவகர், சீனர், தமிழர் எனப் பல குடிகள் உள்ளன. எந்த வீட்டில் எந்த உணவு, எந்தக் கால்வாய் எந்த வயலுக்கு, எந்தத் தோட்டம் எப்போது கை மாறியது என்று மூத்தோரைக் கேட்டு எழுதச் சொன்னால், வகுப்பறையில் புதியதோர் ஆற்றுப்படை உருவாகும். தோட்டம் விற்கப்பட்டுப் பள்ளி இடம் மாறிய பின்னும், பள்ளியின் பெயரில் தோட்டத்தின் பெயர் நிலைத்திருப்பதை இந்நாட்டில் பல ஊர்களிலும் காணலாம். அப்பெயர் ஏன் அங்கு நிற்கிறது என்னும் கேள்வியிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

மலைபடுகடாத்தில் ஓர் அரிய குறிப்பு உண்டு. வழிப்போக்கர் அறியும்பொருட்டு ஊர்ப்பெயரைக் கல்லில் எழுதி வைத்திருத்தலை அந்நூல் சொல்கிறது. வழி பிரியும் இடங்களில், பின்னே வருவோர் தவறிவிடாதபடி புல்லை முடிந்து அடையாளம் இடுமாறும் கூத்தர்க்குக் கூறுகிறது. முன்னே சென்றவன் பின்னே வருபவனுக்குப் பட்ட கடன் அது. கல்லில் எழுதும் வாய்ப்பு வடசிலாங்கூர்த் தோட்டத் தமிழர்க்கு வாய்த்தது அரிது. அத்தோட்டங்களில் வேலை செய்த மூத்தோர் இருக்கும்போதே, தமிழாசிரியர்கள் மாணவரைக் கொண்டு அந்தப் புல்லையேனும் முடிந்து வைத்தல் வேண்டும்.