கரியும் காணியும்

எமிலி ஸோலாவின் 'ஜெர்மினல்' நாவல் 1885ஆம் ஆண்டில் நூலுருப் பெற்றது. அதற்கு முந்திய ஆண்டில், வட பிரான்சின் அன்ஸாங் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்துகொண்டிருந்தபோது, ஸோலா அங்கு நேரிற் சென்று, சுரங்கத்துள் இறங்கிப் பார்த்து, தொழிலாளர் குடியிருப்புகளில் விசாரித்துக் குறிப்பெடுத்தார். நாவலில் வரும் கிழத் தொழிலாளி போன்மோர் இருமும்போதெல்லாம் கரிய சளியையே உமிழ்கிறான். ஐம்பதாண்டு உழைப்பு அவனுக்கு ஈட்டித் தந்த சொத்து அதுவே. நிலக்கரி மனிதனை என்ன செய்கிறது என்பதை இதனினும் சுருக்கமாக எந்தப் பிரசுரமும் கூறிவிடவில்லை.

ஆயின் அந்நாவலில் இன்று நாம் ஊன்றிக் கற்கவேண்டிய பகுதி வேறொன்றாகும். வேலைநிறுத்தம் தோற்றபின், சுவரீன் என்னும் அராஜகவாதி இரவோடிரவாகச் சுரங்க வாயிலின் மரச்சட்டங்களை அறுத்துவிடுகிறான். வெள்ளம் புகுகிறது, மனிதரை விழுங்கிக்கொண்டிருந்த குழி தானே பூமிக்குள் விழுங்கப்படுகிறது. வெறும் ஆவேசக் கலைஞன் இவ்விடத்தில் நாவலை முடித்திருப்பான். யதார்த்தவாதியான ஸோலா மேலும் எழுதுகிறார். கம்பெனி இதற்கிடையில் அயலிலிருந்த சிறு முதலாளியின் சுரங்கத்தை வாங்கிவிட்டது. கணவனையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த மாயுவின் மனைவி, அந்தச் சுரங்கத்துக்கே கூலிக்கு இறங்குகிறாள். குழி அழிந்தது, கம்பெனி அழியவில்லை.

இன்று உலகெங்கும் நிலக்கரிக்கு எதிராக எழுந்துள்ள இயக்கத்தின் துண்டுப்பிரசுரங்களையும் கட்டுரைகளையும் இந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது அவசியமாகும். அவ்வியக்கத்தின் அடிப்படைக் கோரிக்கை நியாயமானது என்பதில் ஐயத்துக்கிடமில்லை. நிலக்கரியை எரிப்பது புவி வெப்பமாதலின் பிரதான காரணங்களுள் ஒன்று. அதன் புகையும் சாம்பலும் அயலில் வாழும் ஏழைகளின் நெஞ்சிலேயே முதலிற் படிகின்றன. புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் 2011 முதல் 2014 வரை மூன்று கட்டமாக எழுந்த 900 மெகாவாட் அனல்மின் நிலையத்தின் அயலிலே, கரித்தூசும் சாம்பலும் தம் பயிரிலும் வீட்டிலும் படிவதாக மக்கள் பல்லாண்டாக முறையிட்டு வந்துள்ளனர். 2021இல் உலகநாடுகள் சிலவற்றோடு சேர்ந்து, இனிப் புதிய நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என்று இலங்கையும் உறுதி கூறியது. இது வரவேற்கத்தக்கதே.

குறை எங்கேயுள்ளது? அப்பிரசுரங்களில் புகை இருக்கிறது, புள்ளிவிபரம் இருக்கிறது, உருகும் பனிமலை இருக்கிறது. காணியின் சொந்தக்காரன் இல்லை. 'தூய சக்தி' என்ற சொற்றொடர் எரிபொருளின் குணத்தைக் கூறுகிறதேயன்றி, உடைமையின் குணத்தைக் கூறுவதில்லை. இதற்குச் சம்பூரைக் காட்டிலும் தெளிவான சான்று நமக்கு வேண்டியதில்லை.

கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூர், கூனித்தீவு, சூடைக்குடா, கடற்கரைச்சேனை முதலிய கிராமங்களின் மக்கள் உழவும் கடற்றொழிலும் செய்து வாழ்ந்தவர்கள். 2006ஆம் ஆண்டு யுத்தம் அவர்களைத் துரத்தியது. அதே ஆண்டு டிசம்பரில், மக்கள் முகாம்களில் இருக்கும்பொழுதே, இந்தியாவின் தேசிய அனல்மின் கழகத்துடன் 500 மெகாவாட் நிலக்கரி நிலையத்துக்கான உடன்பாடு கைச்சாத்தாயிற்று. 2007இல் அப்பிரதேசம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2012இல் 818 ஏக்கர் கைத்தொழில் வலயமென ஒதுக்கப்பட்டது. ஊர் இல்லாதவனிடம் ஊரைப்பற்றி அபிப்பிராயம் கேட்பாரில்லை. கிளிவெட்டி முதலிய இடங்களின் முகாம்களிலே ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிப்பருவத்தைக் கழித்தனர்.

2015இல் ஆட்சி மாறியதும் அந்த 818 ஏக்கருக்கான ஒதுக்கீடு இரத்துச் செய்யப்பட்டு, மக்கள் கட்டங்கட்டமாகத் திரும்பினர். ஆயினும் நிலக்கரி நிலையத்துக்கென ஒதுக்கிய ஏறத்தாழ 500 ஏக்கர் அவர்களுக்குக் கிட்டவில்லை. தகரக் கொட்டிலில் அடுப்பு மூட்டியதும் மூட்டாததுமாக அம்மக்கள் வீதிக்கு இறங்கினர். சுற்றாடல் அமைப்பினர் வழக்குத் தொடுத்தனர். 2016 செப்டெம்பரில், அந்நிலையம் கட்டப்படமாட்டாது எனச் சட்டமா அதிபர் உயர் நீதிமன்றுக்கு அறிவித்தார்.

சுற்றாடல் இயக்கத்தின் ஏடுகள் இதனை நிலக்கரிக்கெதிரான வெற்றியெனப் பதிவு செய்தன. வெற்றிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வீதியில் நின்ற தாயின் கோரிக்கையை ஆராய்ந்தால், அவள் காற்றின் தூய்மையையும் காணியின் உரிமையையும் வேறாக்கிப் பார்க்கவில்லை என்பது புலனாகும். வழக்கேட்டில் ஒரு பாதி வென்றது. மறுபாதி கவனிப்பாரற்றுக் கிடந்தது. 2022இல் அதே சம்பூரில், அதே இந்தியக் கழகமும் இலங்கை மின்சார சபையும் சூரியமின் நிலையத்துக்கு உடன்பட்டன. 2025 ஏப்ரலில் இரு நாட்டுத் தலைவர்களும் 120 மெகாவாட் திட்டத்தின் பணிகளைத் தொடக்கி வைத்தனர். கரி போயிற்று, கதிரவன் வந்தான், ஒப்பமிட்டோர் மாறவில்லை. ஸோலாவின் கம்பெனி நம் நினைவுக்கு வருவது தற்செயலன்று.

சம்பூர் தனித்த நிகழ்ச்சியுமன்று. மன்னார்த் தீவில் 2020 டிசம்பரில் 103.5 மெகாவாட் காற்றாலைத் தொகுதி திறக்கப்பட்டது. வெள்ளம் வடியும் வழி அடைபடுகிறது, கடற்றொழில் கெடுகிறது என முறையிட்ட தீவு மக்கள், மேலும் காற்றாலைகள் வேண்டாமென்று 2025இல் நாட்கணக்காகப் போராடினர். அதே ஆண்டில் திருகோணமலை முத்துநகர் விவசாயிகள், தாம் பயிரிட்ட காணி சூரியமின் திட்டத்துக்குப் போவதை எதிர்த்து எழுந்தனர். இவர்களைப் பிற்போக்காளர் என்று நகரத்து நண்பர்கள் சிலர் ஏசுவது நியாயமன்று. இவர்கள் காற்றுக்கும் வெயிலுக்கும் எதிரிகளல்லர். தம்மைக் கேட்காமல் தம் நிலத்தைப் பங்கிடுவதற்கே எதிரிகள்.

இவ்விடத்தில் நம் அணியினர் சிலரின் மறுப்பையும் கருதவேண்டும். சுற்றாடல் என்பது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு. ஏழை நாட்டுக்கு முதலில் மலிவான மின்சாரமே வேண்டும் என்பர் அவர்கள். இலங்கை மண்ணில் நிலக்கரி கிடையாது. ஒவ்வொரு கப்பலுக்கும் அந்நியச் செலாவணி செலுத்தியாக வேண்டும். செலாவணி வற்றிய 2022இல் எரிபொருளுக்குப் பணமின்றி நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை நாடு இருளில் மூழ்கியதை நாம் மறந்துவிடலாகாது. மலிவு என்னும் வாதம் அந்த இருளிலேயே உடைந்துபோயிற்று.

இவர்கள் லெனினை மேற்கோள் காட்டுவதுமுண்டு. 1920இல் லெனின் மின்மயமாக்கலை வற்புறுத்தியது உண்மை. ஆனால் சோவியத்துகளின் அதிகாரத்தோடு சேர்த்தே அதனை வற்புறுத்தினார். மின்சாரத்தை நினைவிற் கொண்டு அதிகாரத்தை மறப்பது வசதியான மறதியாகும். நமது மலையகமே இதற்குச் சாட்சி. லக்ஷபானவில் 1950இல் தொடங்கிய நீர்மின்சாரம் புகையற்றதுதான். மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீருள் அமிழ்ந்தது. அந்நீர் தந்த வெளிச்சம் கொழும்பைச் சேர்ந்தபோது, மின்கம்பிகளின் கீழேயிருந்த லயங்கள் பல, பல்லாண்டுகள் குப்பி விளக்கிலேயே கிடந்தன. தூய்மையான சக்தி தானாகவே நீதியான சக்தியாகிவிடாது என்பதை நாம் அரை நூற்றாண்டுக்கு முன்பே கற்றிருக்க வேண்டும்.

மறுபுறம், காலம் குறுகிவிட்டது, காணிப் பிரச்சினையையும் இதனோடு கலந்து குழப்பவேண்டாம் என்கின்றனர் இயக்க நண்பர்கள். காலம் குறுகியது மெய்யே. அதனாலேயே மக்களைப் பகைக்க நேரமில்லை என்கிறோம். மக்கள் எதிர்த்து நின்றால் எந்தத் திட்டமும் விரைவதில்லை. மன்னார் அதனைக் காட்டிவிட்டது. எனவே இயக்கத்தின் கோரிக்கைப் பட்டியல் விரிய வேண்டும். காணி உழவன் பெயரிலேயே இருத்தல், ஊரவர் கூட்டுறவுக்கு உற்பத்தியிற் பங்கு, சம்மதம் பெற்ற பின்னரே அளவைக்காரர் வருதல், நுரைச்சோலையில் ஒரு நாள் உலை அணையும்போது அங்கு உழைப்போருக்கு மாற்றுத்தொழில் ஆகிய இவை அப்பட்டியலின் முதல் வரிகளாதல் வேண்டும்.

எழுத்தாளரின் பணியும் இங்கேதான் தொடங்குகிறது. நிலக்கரியை வெறும் கரும்பூதமாகவும் சூரியனை வெறும் தெய்வமாகவும் பாடுவது எளிது. அது பழைய கற்பனாவாதத்தின் புதிய உடுப்பேயாகும். போன்மோரின் இருமலைக் கேட்பதற்கு ஸோலா சுரங்கத்துள் இறங்கினார். நம்மவர் சம்பூரின் வேலியருகே சென்று, உள்ளே அகப்பட்ட வயலுக்கு வெளியே நிற்கும் மனிதனோடு பேசட்டும். பேசிவிட்டு எழுதட்டும். வேலிக்குள்ளே எரிவது கரியா, ஒளிர்வது கண்ணாடியா என்ற கேள்வியோடு, வேலி யாருடையது என்ற கேள்வியையும் அவன் சேர்த்தே கேட்கிறான். இரண்டுக்கும் விடை கூறும் இயக்கமே அவனுடைய இயக்கமாகும்.