பெரிய மாடா, பூஞ்சிட்டா?

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரக் கார்ப் பந்தயம் முடிந்தபோது தமிழ்நாடு முழுக்க ஒரே பேச்சு: அஜித்குமார் அணிக்கு மூன்றாம் இடம். செய்தி பொய்யில்லை, பாதிதான் வந்தது. அணி மூன்றாவதாக வந்தது 991 என்ற பிரிவில். போர்ஷே 911 ஜி.டி.3 கப் காரின் முந்தைய தலைமுறை வண்டிகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பிரிவு அது. அதே தடத்தில், அதே நேரத்தில் ஜி.டி.3, 992, ஜி.டி.4 என்று வேறு பிரிவுக் கார்களும் ஓடிக்கொண்டிருந்தன. பரிசு வாங்கிய காரை அஜித் பந்தயத்தில் ஓட்டவும் இல்லை. பயிற்சியில் விபத்து நேர்ந்த பிறகு அதிலிருந்து விலகி, ஜி.டி.4 பிரிவில் வேறொரு காரை ஓட்டினார்.

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது. விருதுநகர், தூத்துக்குடி, மதுரை, சிவகங்கை மாவட்டச் சாலைகளில் நடக்கும் மாட்டுவண்டிப் பந்தயத்தைப் பார்த்தவரிடம் போய் ‘எங்க வண்டிக்கு முதல் பரிசு’ என்று சொல்லிப் பாருங்கள். ‘எதுல? பெரிய மாடா, சின்ன மாடா, பூஞ்சிட்டா?’ என்று கேட்பார். அடுத்து ‘வண்டி யாருது, சாரதி யாரு?’ என்பார். வெற்றியின் எடை இந்த இரண்டு கேள்விகளிலும் இருக்கிறது. கோடிக்கணக்கான ரூபாய் புரளும் ஸ்போர்ட்ஸ் கார்ப் பந்தயத்துக்கும் இதே இரண்டு கேள்விகள் போதும். நம் விளையாட்டுப் பக்கங்கள்தான் அவற்றைக் கேட்பதில்லை.

முதல் கேள்வி பிரிவைப் பற்றியது. பெரிய மாட்டையும் பூஞ்சிட்டு என்ற சிறிய மாட்டையும் ஒன்றாக ஓடவிட்டால் அது பந்தயமே இல்லை. முடிவு கிளம்பும் இடத்திலேயே தெரிந்துவிடும். பிரித்தால் சின்ன மாடு வைத்திருப்பவரும் களத்துக்கு வருவார். வண்டிகள் கூடிப்போனால் ஒரே பிரிவை இரண்டாகப் பிரித்து ஓட்டுவதும் உண்டு. நீள்தூரக் கார்ப் பந்தயமும் இந்தக் கணக்கில்தான் பிழைத்து வந்திருக்கிறது. 1923இல் பிரான்சின் லெ மான்ஸில் முதல் 24 மணி நேரப் பந்தயம் நடந்தபோது, ஒவ்வொரு காரும் தன் எஞ்சின் கொள்ளளவுக்கு ஏற்பக் குறைந்தபட்சத் தூரத்தைக் கடக்க வேண்டும் என்றுதான் விதி வைத்தார்கள். பிற்காலத்தில் அதே கணக்கில் வந்த ‘இண்டெக்ஸ்’ பரிசுகளைச் சிறிய பிரெஞ்சுக் கார்கள் அள்ளிப் போனபோது, உள்ளூர்க்காரனுக்கு வளைத்த விதி என்ற முணுமுணுப்பும் எழுந்தது. விழாக் கமிட்டி மேல் சந்தேகம் வராத ஊர் உலகில் எங்கும் இல்லை போலும்.

ஒரு வித்தியாசம் உண்டு. நம் ஊரில் ஒரு பிரிவு முடிந்தபின்தான் அடுத்தது கிளம்பும். லெ மான்ஸில் மூன்று பிரிவுகளும் ஒன்றாக ஓடுகின்றன. பதின்மூன்றரை கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட சுற்றை உச்சப் பிரிவான ஹைப்பர்கார் மூன்றரை நிமிடத்தில் முடிக்கும். எல்.எம்.ஜி.டி.3 பிரிவுக் காருக்கு நான்கு நிமிடம் பிடிக்கும். ஆகவே வேகமான கார் இரவும் பகலும் மெதுவான கார்களைத் தாண்டியபடியே ஓட வேண்டும். மெதுவான காரை ஓட்டுபவரோ பின்னால் வரும் வெளிச்சத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே தன் பிரிவின் சண்டையையும் நடத்த வேண்டும். ஃபார்முலா ஒன்னில் இல்லாத திறமை இது. பிரிவுகள் பந்தயத்துக்குத் தந்த ஆகப் பெரிய கொடையாக நான் நினைப்பது இதைத்தான். கீழ்ப்பிரிவுக் கார்கள் கட்டும் நுழைவுக் கட்டணமும் விழாவைத் தாங்குகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

எதை வைத்துப் பிரிப்பது என்பதில்தான் தகராறு. கொங்குப் பக்கத்து ரேக்ளாவில் பல்லைப் பார்ப்பார்கள்: பல் போடாத கன்றா, இரண்டு பல்லா, நான்கு பல்லா என்று. வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். கார் அப்படி வாயைத் திறந்து காட்டாது. 1960களில் ஜி.டி. பிரிவில் ஓட ஒரு மாடலில் நூறு கார் செய்திருக்க வேண்டும். ஃபெராரி 250 ஜி.டி.ஓ. மொத்தமே நாற்பதைத் தொடவில்லை. பழைய மாடலின் மேம்பட்ட வடிவம் என்று சொல்லி அனுமதி வாங்கிவிட்டார்கள். 1969இல் ஐந்து லிட்டர் ஸ்போர்ட்ஸ் கார் பிரிவுக்கு 25 கார் போதும் என்றது விதி. யாரும் அவ்வளவு செலவழிக்க மாட்டார்கள் என்று அதிகாரிகள் நம்பியிருக்க வேண்டும். போர்ஷே, 917 மாடலில் 25 கார்களை வரிசையாக நிறுத்திக் காட்டியது. அந்தக் கார் 1970, 1971 இரண்டு ஆண்டும் லெ மான்ஸை வென்றது. 1972இல் அந்தப் பிரிவே இல்லை.

இந்தத் தந்திரத்தின் உச்சம் தொண்ணூறுகளின் ஜி.டி.1. சாலையில் ஓடும் காரைப் பந்தயத்துக்குத் தயார்செய்வது என்பது தலைகீழாகி, பந்தயக் காரைச் செய்துவிட்டு விதிக்காகச் சில சாலைக் கார்களைச் செய்தார்கள். 1998இல் எஃப்.ஐ.ஏ. ஜி.டி. சாம்பியன்ஷிப்பின் எல்லாப் பந்தயங்களையும் மெர்சிடிஸ் வென்றது. போட்டியாளர்கள் விலக, அடுத்த ஆண்டு ஜி.டி.1 அங்கே கிடையாது. ஒருவனே எல்லாப் பரிசையும் எடுத்துப் போகும் பந்தயத்துக்கு மறு வருடம் யார் வண்டி கட்டுவார்?

இதற்கு மருந்தாக வந்ததுதான் ‘பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபாமன்ஸ்’, சுருக்கமாக பி.ஓ.பி. ஸ்டெஃபான் ராட்டெல் என்ற பந்தய அமைப்பாளர் 2006இல் தொடங்கிய ஜி.டி.3 இதை உலகம் முழுக்கப் பரப்பியது. வேகமான காருக்கு எடை கூட்டுவார்கள், எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைப்பார்கள். மெதுவான காருக்குச் சலுகை தருவார்கள். முன்னால் எஞ்சின் வைத்த பெரிய மெர்சிடிஸும் பின்னால் எஞ்சின் வைத்த போர்ஷேயும் நொடியின் சிறு பகுதி வித்தியாசத்தில் ஓடுகின்றன. நிறுவனங்கள் வரிசையாக வந்தன, வந்தவை தங்கின. இந்த ஏற்பாட்டைத் திட்டுகிறவர்கள் இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. பல்லும் கொள்ளளவும் வண்டி ‘என்ன’ என்பதை அளக்கின்றன. பி.ஓ.பி. வண்டி ‘என்ன செய்யும்’ என்பதை அளக்கப் பார்க்கிறது. செய்து காட்டினால் எடை ஏறும் என்று தெரிந்தபின் எந்த அணி முழுதாகச் செய்து காட்டும்? 2016 லெ மான்ஸில் ஜி.டி. பிரிவுத் தகுதிச் சுற்றில் ஃபோர்டும் ஃபெராரியும் மற்றவர்களை விட்டு வெகுதூரம் போனதும், பந்தயத்துக்கு முந்தைய நாள் விதியைத் திருத்தினார்கள். ஃபோர்டு அப்படியும் வென்றது. அதுவரை வேகத்தை ஒளித்து வைத்திருந்தது என்ற குற்றச்சாட்டும் கூடவே ஒட்டிக்கொண்டது.

2023இல் இன்னும் வெளிப்படை. அந்த ஆண்டு உலக நீள்தூரச் சாம்பியன்ஷிப்பின் முதல் மூன்று பந்தயங்களையும் டொயோட்டா வென்றிருந்தது. லெ மான்ஸ் நூற்றாண்டுப் பந்தயத்துக்குச் சில நாள் முன்பு டொயோட்டாவுக்கு 37 கிலோ, ஃபெராரிக்கு 24, காடிலாக்குக்கு 11, போர்ஷேக்கு 3 கிலோ கூட்டினார்கள். ஐம்பது ஆண்டுக்குப் பிறகு உச்சப் பிரிவுக்குத் திரும்பிய ஃபெராரி வென்றது, டொயோட்டா இரண்டாவது. அந்தப் பதின்மூன்று கிலோ வித்தியாசம்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். இல்லை என்று யாராலும் நிரூபிக்க முடியாது என்பதே குறை. நன்றாக ஓட்டி வென்றவருக்கும் அந்தச் சந்தேகத்திலிருந்து விடுதலை இல்லை. போதாக்குறைக்கு, பி.ஓ.பி.யைப் பற்றி அணிகள் வெளியில் பேசக்கூடாது என்று விதிப்புத்தகம் வாயைக் கட்டுகிறது. நம் ஊர்ப் பந்தயத்தில் மாட்டை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்ற சண்டை ஊரறிய நடக்கும். பல நேரம் அசிங்கமாகவும் நடக்கும். பேசாதே என்ற விதியைவிட அந்த அசிங்கம் மேல்.

இனி இரண்டாவது கேள்வி. நம் ஊரில் மாட்டுக்காரர் சாரதியை வைத்து ஓட்டுவார். தான் பைக்கில் கத்திக்கொண்டே பின்னால் போவார். (அந்த பைக் கூட்டத்தை முதலில் ஒழுங்குபடுத்த வேண்டும், வண்டியைவிட அதுதான் ஆபத்து.) ஜி.டி. பந்தயத்தில் பணம் போட்டவரே பல நேரம் சாரதி இருக்கையிலும் உட்கார்கிறார். அதற்காகவே ஓட்டுநர்களுக்கும் தரம்: பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸ் (வெண்கலம்). உலகச் சாம்பியன்ஷிப்பின் எல்.எம்.ஜி.டி.3 காரில் வெண்கலத் தர ஓட்டுநர் ஒருவர் கட்டாயம். வசதி படைத்த தொழிலதிபர் தொழில்முறை வீரரோடு ஒரே காரைப் பகிர்ந்து ஓட்ட இடம் கிடைக்கிறது. ஆனால் அணிகள் தேடுவது சில்வர் தரத்தில் இருக்கும் கோல்டு வேகக்காரரை. நன்றாக ஓட்டி கோல்டுக்கு உயர்ந்த இளைஞருக்கு மறு ஆண்டு இருக்கை கிடைக்காமல் போவது உண்டு. திறமை கூடினால் வேலை போகும் ஏற்பாட்டை நல்ல ஏற்பாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வண்டிகளைச் சமப்படுத்தும் சிக்கலைத் தமிழ்நாடு வேறு வழியில் தாண்டியது. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் வெளிநாட்டுக் கார்கள் வைத்திருந்த செல்வந்தர்கள் ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. 1990இல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் கோவை எஸ். கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைச் செய்தார். எல்லோருக்கும் ஒரே கார், எல்லோர் கைக்கும் எட்டும் எஞ்சின். எடை கூட்டிக் குறைக்கும் பஞ்சாயத்தே எழாது. அந்த ஃபார்முலா மாருதியில்தான் நரேன் கார்த்திகேயன் தொடங்கினார். கருண் சந்தோக் 2000இல் தேசியப் பட்டம் வென்றார். சந்தோக் 2012இல் லெ மான்ஸில் ஆறாவதாக வந்தார். முன்னால் போன ஆடி கார்களும் காகிதத்தில் அவர் பிரிவுதான். ஆனால் அவை நிறுவனமே நேரடியாக இறக்கியவை, இவருடையது தனியார் அணி. ஒரே பெயரின் கீழ் இரண்டு பிரிவு ஓடினால் ஆறாவது இடத்தின் மதிப்பை எந்தப் பட்டியலும் காட்டாது.

ஒரே காரில் எல்லோரையும் ஓட்டவைக்கும் வழக்கத்தின் குறை, காரைச் செய்யக் கற்றுத் தராதது. 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஓடிய இந்தியன் ரேசிங் லீகிலும் எல்லா அணிக்கும் ஒரே இத்தாலிய வுல்ஃப் கார்தான். கரிவரதனாவது காரை இங்கேயே செய்தார். அவர் 1995இல் விமான விபத்தில் இறந்தபின் அந்த வேலையை அதே வேகத்தில் யாரும் தொடரவில்லை என்பது என் எண்ணம்.

கார் சமமானாலும் நுழைவாயில் சமமாகவில்லை. நரேனின் தந்தை ராலி வீரர். கருணின் தந்தையும் தாத்தாவும் பந்தய உலகத்து ஆட்கள். தடங்கள் இருப்பதோ சென்னைக்கு அருகேயும் கோவைப் பக்கமும். இராஜபாளையத்து ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினைப் பிரித்துக் கோக்கும் பையனுக்கு இருங்காட்டுக்கோட்டை 500 கிலோமீட்டருக்கு மேல். லைசென்ஸ், உடை, ஹெல்மெட், டயர் என்று செலவு அதற்கப்புறம். மாட்டுவண்டிப் பந்தயத்தில் கையில் காசில்லாத சாரதிக்கும் இடம் உண்டு. கைப்பழக்கம் தெரிந்தால் மாட்டுக்காரர் தேடி வருவார். கார்ப் பந்தயத்தில் எத்தனையோ பிரிவுகள் வகுத்தவர்கள், திறமை மட்டும் இருக்கிறவனை ஒரு அணி தன் செலவில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று இருங்காட்டுக்கோட்டையின் ஒரே ஒரு பிரிவிலாவது விதி எழுதிப் பார்க்கலாம்.