பிட்னஸ் எழுதுமுன்

இளையரசனேந்தலில் ஒருவருக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் என்றால் கோவில்பட்டிக்கோ சங்கரன்கோவிலுக்கோ பஸ் ஏறுவார். ரத்தம், இ.சி.ஜி., பிரஷர் பார்த்து டாக்டர் ‘பிட்னஸ்’ எழுதித் தருவார். பெரும்பாலோருக்கு அது போதும். அட்ரீனல் சுரப்பியில் பியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி ஒளிந்திருப்பவருக்குப் போதாது. ரத்தக் கொதிப்புக்காரர்கள் ஆயிரம் பேரில் ஆறு பேருக்குக்கூட இது இராது. ஆனால் தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால், கட்டி கொட்டும் அட்ரினலினால் மேசையிலேயே உயிர் போகலாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கே வந்து பிரஷர் பார்க்கிறது. பெரிய காரியம்தான். ஆனால் இந்தக் கட்டியின் கொதிப்பு பலருக்கு வந்து வந்து போகும். கருவி கட்டிய நேரத்தில் அடங்கியிருந்தால் ஒன்றும் தெரியாது. தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து திடீரென வந்து அடங்குகிறதா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கரிசல் வெயிலில் களையெடுப்பவர் வியர்வையை ஒரு நோயாகவா சொல்வார்? நாற்பத்தைந்து வயதுப் பெண் சொன்னால், மாதவிலக்கு நிற்கிற காலம் என்று முடித்துவிடுவார்கள். படபடப்புக்கென்று புரோப்ரனலால் என்ற பீட்டா தடுப்பானை மட்டும் கொடுத்தாலோ இன்னும் மோசம். ரத்தக் குழாயைத் தளர்த்தும் பீட்டா வழி அடைபட, இறுக்கும் ஆல்பா வழி தனியே ஓங்கி பிரஷர் எகிறும்.

அதனால்தான் ஆபரேஷனுக்கு முன் முதலில் ஆல்பா தடுப்பான், 7 முதல் 14 நாள். கூடவே உப்பும் தண்ணீரும் தாராளமாக. தேவையென்றால் பிறகே பீட்டா. இந்த வரிசையில் தர்க்கம் உறுதியானது, சான்று அவ்வளவு உறுதியில்லை. 1926இல் லோசானில் ரூ என்ற அறுவை மருத்துவரும், அதே ஆண்டு அமெரிக்காவில் சார்லஸ் மேயோவும் இத்தகைய கட்டியை எடுத்தபோது இந்த மாத்திரைகளே கிடையாது. ஜெர்மனியின் எஸ்ஸெனில் ஆல்பா தடுப்பான் இல்லாமலும் நல்ல முடிவு கண்டிருக்கிறார்கள். அது பழகிய கைகளின் கணக்கு. எப்போதாவது ஒன்றைப் பார்க்கும் ஊரில் அதை நம்பி இறங்குவது சூதாட்டம்.

குறைகள் வேறிடத்தில் இருக்கின்றன. ஆல்பா தடுப்பான்களில் பினாக்சிபென்சமின் விலை கூடியது. பிரசோசின் மலிவு, ஆனால் எழுந்து நின்றால் தலை சுற்றும். கூலிவேலைக்காரர் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார், ஏன் சுற்றுகிறது என்று யாரும் சொல்லாவிட்டால். இந்தக் கட்டியைக் கண்டறியும் மெட்டாநெஃப்ரின் சிறுநீர்ப் பரிசோதனைக்கு 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் இதைச் செய்யச் சொல்வது வீண்செலவு. மூன்று கேள்விக்கும் ஆமென்பவருக்கும், ஸ்கேனில் தற்செயலாக அட்ரீனல் கட்டி தெரிந்து, அது வெறும் கொழுப்புக் கட்டி என்று உறுதியாகாதவருக்கும் செய்தே ஆக வேண்டும். அந்தக் கட்டியில் ஊசி குத்திச் சதை எடுக்கும் முன்பே.